பின்சக்கரத்தில் இல்லாத குழாய்

பெயர் குப்புராஜ், வயது 67, த/பெ. மாது, பள்ளிக்கூடத் தெரு, மாரண்டஹள்ளி, பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம். இன்று காவல் நிலையத்தில் தானாக முன்வந்து ஆஜராகிக் கொடுக்கும் வாக்குமூலம்.

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவி காவேரி, மகன் பிரபாகர் ஆகியோருடன் வசித்து வருகிறேன். அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தம்பி தர்மன் அதே வாசலில் அடுத்த வீட்டில் குடியிருக்கிறான். நிலத்துக்குப் போகும் வண்டித்தடம் சம்பந்தமாக எங்களுக்குள் தகராறு ஏற்பட்டு, பேச்சு நின்று சில வருடங்கள் ஆகின்றன. ஏதாவது தெரிவிக்க வேண்டியிருந்தால் அவன் என் மனைவியிடம் சொல்வான், நான் அவன் மனைவியிடம் சொல்வேன். நானும் என் மனைவியும் சென்ற மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் இருந்த ஒரு பாகத்தைத் தர்மன் கழற்றிவிட்டான் என்று என் மகன் கொடுத்த புகாரின் பேரில் அவனை இங்கே கொண்டு வந்திருக்கிறார்கள். அது பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

என் வண்டியின் பின்சக்கரத்தில் கொஞ்ச நாளாக மாவு அரைப்பது போல ஒரு சத்தம் இருந்து வந்தது. ஆயுத பூஜையன்று காலையில் அதைப் பேருந்து நிலையத்துக்கு அருகில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் மாதேஸிடம் கொண்டு போனேன். அவர் சக்கரத்தைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்து, "பேரிங் ரெண்டும் போயிருச்சுங்க சார். மாத்தாம ஓட்டுனா ஆபத்து" என்றார். மறுநாள் விஜயதசமி. காரிமங்கலத்தில் இருக்கும் என் மகளின் குழந்தைக்கு அன்று காது குத்து இருந்தபடியால், எப்படியாவது இன்றே முடித்துத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு அவர் சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த பேரிங்குகளைத் தட்டி வெளியே எடுத்தார். அவற்றுக்கு நடுவில் இருந்து ஒரு இரும்புக் குழாயும் வந்தது. எல்லாவற்றையும் தட்டில் போட்டுவிட்டு, புதிய பேரிங் கடையில் இல்லாததால் அதை வாங்க அவர் பாலக்கோடு போய்விட்டார்.

அந்த நேரத்தில் அவர் மனைவி ஜெயபிரியா பூஜைக்காகக் கடையில் இருந்த ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சாமி படத்தின் முன்பு வாழை இலையில் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தார். தட்டில் கிடந்த குழாயையும் கழுவி வைத்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "இது ஆயுதம் இல்லை போலிருக்கே அம்மா" என்றேன். "எல்லாம் இரும்புதானுங்க சார். ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வக்காம உட்டா கோவிச்சுக்காதா? அதுக்கும் ஒரு பொட்டு இருக்கட்டும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு மாதேஸ் வந்து கற்பூரம் காட்டினார். பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடியும் வரை எடுக்கக்கூடாது. உதாரணமாக, என் வீட்டில் புத்தகங்களை வைத்தால் அன்று நான் செய்தித்தாள்கூடப் படிப்பதில்லை. அதே போல அவரும் தன் சாமான்களைத் தொடாமல், பக்கத்துப் பஞ்சர் கடை பாயிடம் ஸ்பேனரும் சுத்தியலும் இரவல் வாங்கி வந்து வேலையைத் தொடர்ந்தார். தேய்ந்தவற்றை ஒதுக்கிவிட்டு, புதிய பேரிங்குகளையும் தட்டில் இருந்த மற்றதை எல்லாம் சேர்த்துப் பூட்டினார். தட்டு காலியானதும், "முடிஞ்சுதுங்க சார், ஒண்ணும் மிச்சம் இல்ல" என்று கவிழ்த்துக் காட்டினார். சக்கரம் சற்று இறுக்கமாகச் சுற்றியது. கேட்டதற்கு, "புதுசு அப்படித்தாங்க இருக்கும்" என்றார். குழாய் இலையில் இருந்தது. என் முகம் அதற்கு நேராகத்தான் இருந்தது.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து வாசலில் நிறுத்தினேன். உள்ளே போன சற்று நேரத்தில் தர்மன் வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்து சக்கரத்தின் மையத்தில் கை வைத்ததை நானும் என் மகனும் ஜன்னல் வழியே பார்த்தோம். அதன் பிறகு அவன் எழுந்து என் மனைவியைக் கூப்பிட்டு, "அண்ணி, கருகுன வாசம் வருதேன்னு தொட்டுப் பாத்தேன், நெருப்பாட்டம் சுடுது. நாளைக்கு இதுல போவ வேண்டாம்னு சொல்லுங்க" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னான். காது குத்துக்கு அவன் வீட்டை நாங்கள் அழைக்கவில்லை. அந்தக் கோபத்தில் தடுக்கிறான் என்று நினைத்தேன். காவேரி, "பஸ்ஸுலயே போயிரலாங்க" என்றாள். நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை இருவரும் புறப்பட்டோம். பாலக்கோட்டைத் தாண்டிய பிறகு பின்பக்கம் ஒரு முனகல் கேட்டது. ஒரு இறக்கத்தில் காவேரி என் சட்டையைப் பிடித்து, "என்னங்க, வண்டி மாடு வாலாட்டுற மாதிரி ஆட்டுதே" என்றாள். நானும் உணர்ந்தேன். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது வாசலில் குந்தியிருந்த தர்மனின் முதுகு. சொந்தத் தம்பி எதையோ செய்து வைத்துவிட்டான் என்று நினைத்தேன். பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஓரம் கட்ட நினைப்பதற்குள் பின்சக்கரம் சுற்றுவது நின்று வண்டி இழுத்துக்கொண்டு போய் விழுந்தது. என் சட்டையைப் பிடித்திருந்த கை விட்டுப்போனது தெரிந்தது. லாரி காவேரியின் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. டயர் அவள் முடியின் மேல் இருந்தது. டிரைவர் இறங்காமல் சீட்டிலேயே அழுதார்.

ஆம்புலன்ஸில் போகும்போது நான்தான் மகனுக்குப் போன் செய்து, "உன் சித்தப்பன் நேத்து சக்கரத்தைத் தொட்டானே" என்றேன். அதன் பிறகே அவன் புகார் கொடுத்தான். புகாரின் பேரில் சக்கரத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள், பேரிங்குகள் சூட்டில் நீலம் பாய்ந்து நொறுங்கியிருக்கின்றன, நடுவில் இருக்க வேண்டிய குழாய் இல்லை என்றார்கள். சாக்பீஸ் துண்டு ஒன்றை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் விரல்கள் விலகியே நிற்கும், துண்டை எடுத்துவிட்டு அழுத்தினால் ஒன்றையொன்று நெரிக்கும். இரண்டு பேரிங்குகளுக்கு நடுவில் அந்தக் குழாயின் வேலையும் அதுதான் என்று அப்போது புரிந்தது.

நேற்று மருத்துவமனையில், தலையில் அடிபட்டுக் கிடந்த காவேரியின் நெற்றியை ஈரத்துணியால் துடைத்தேன். துணி சிவப்பானது. மறுபடியும் ரத்தம் வருகிறது என்று பயந்து நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, "குங்குமம்ங்க ஐயா" என்றார். அப்போதுதான் இலையில் பொட்டுடன் இருந்த குழாய் என் நினைவுக்கு வந்தது.

அங்கிருந்து நேராக மாதேஸ் கடைக்குப் போனேன். அவர் சாமான் பெட்டியைக் கவிழ்த்தார். குங்குமம் காய்ந்துபோய் குழாய் அதில் இருந்தது. அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. "சார், என்னைய உள்ள வச்சிருவாங்களா?" என்று கேட்டார். ஜெயபிரியா, "நாந்தாங்க எடுத்து வச்சேன், அவருக்குத் தெரியாதுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் குழாயைப் பொட்டைத் துடைக்காமல் காகிதத்தில் சுற்றி இன்று கொண்டு வந்து ஒப்படைத்திருக்கிறேன். அவர்கள் இருவரும் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை.

தர்மன் சக்கரத்திலிருந்து எதையும் எடுக்கவில்லை. அவன் தொட்டதற்கு முன்பே குழாய் அதில் இல்லை. நான் நிலையத்துக்குள் வந்தபோது அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வலது கை விரல்களில் சூடுபட்ட கொப்புளம் இருந்தது. என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டு, அருகில் நின்ற காவலரிடம், "எங்கண்ணி எப்படி இருக்காங்கன்னு கேட்டுச் சொல்லுங்க சார்" என்றான். காவலர் என்னைப் பார்த்தார். நான் காவலரிடம் சொல்லாமல் அவனிடமே, "இன்னும் கண்ணு தொறக்கல தர்மா" என்று சொன்னேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி உள்ளது, இதில் பொய் எதுவும் இல்லை.

(ஒப்பம்) மா. குப்புராஜ்