மூணாம் மாசம்னா எது

ஹலோ... ஹலோ, வெச்சுடாதீங்க... ஆமா, டெஸ்ஸியில இருந்துதான். வக்கீல் ஃபந்தாயெ பேசறேன்... இல்ல சார், கொஞ்சம் முன்னாடி ஒரு பொண்ணு பேசுச்சு. ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்கன்னுச்சு. எனக்குக் கண்ணு தெரியாதும்மான்னேன். அப்ப தெரிஞ்சவங்கள வெச்சுக்கிட்டுக் கூப்பிடுங்கன்னு சொல்லி வெச்சிருச்சு...

ஆமா... ஆமா, அந்த சாஃப்ட்வேர்தான். அம்ஹாரிக்ல வாய்விட்டுப் படிக்குமே, அது... ட்ரையல்தான் சார். இன்னும் கடைக்கு வரல, சோதிச்சுப் பாக்கச் சும்மா குடுக்கறோம்னு சொல்லித்தான் குடுத்தீங்க. காலையில நல்லாப் பேசுச்சு. சாப்பிட்டு வந்து தட்டுறேன், ஊமை...

பக்கத்துல இருக்காங்க. ருக்கியா அக்கா. அவங்க கேசுதான்... படிப்பாங்க, ஆனா நம்ம அம்ஹாரிக் எழுத்து மட்டுந்தான். ஸ்கிரீன்ல இருக்கறது இங்கிலீஷாம். செவப்பா ஒரு பெட்டி, அதுக்குக் கீழ ரெண்டு பட்டனாம். ஒண்ணு நீலம், ஒண்ணு சாம்பல்... அக்கா, தொடாதீங்க. தொடாதீங்கன்னா கைய மடியில வையுங்க...

சாம்பல அமுக்குனா என்ன ஆகும்?... எல்லாமே அழிஞ்சிருமா?

அக்கா, நாற்காலியத் தள்ளிப் போட்டு உக்காருங்க.

...என்ன முடிஞ்சுபோச்சு? கெடுவா? இல்ல சார், இருக்காது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சேந்த அன்னிக்கு உங்க மெஷினே சொல்லுச்சு, மூணாம் மாசம் வரைக்கும்னு... ஆமா, மூணு. அதான் நானும் சொல்றேன். நம்ம எத்தியோப்பியக் காலண்டர்ல மூணாம் மாசம் ஹிதார். இப்ப நடக்கறது மெகாபித், ஏழாம் மாசம். ஹிதாருக்கு இன்னும் எவ்வளவு கெடக்கு...

மார்ச்சா?

...சார், எங்க ஊர்ல மூணாம் மாசம்னா யாரு மார்ச்னு எடுத்துக்குவா? நீங்க அடிஸ் அபாபால தானே இருக்கீங்க? உங்க அம்மாகிட்ட போய் மூணாம் மாசம் எதுன்னு கேளுங்க... வருஷமெல்லாம் சொல்லல. நாளும் மாசமும் மட்டுந்தான். அதுவும் அம்ஹாரிக்ல, எங்க ஆளு மாதிரியே சொல்லுச்சு. பரவால்லயே, தாராளமாக் குடுத்திருக்காங்கன்னு ஊரெல்லாம் சொன்னேன்...

சரி. சரி சார், புரியுது. முடிஞ்சுபோச்சு. நான் எழுதி வெச்சத மட்டும் எடுத்துக் குடுங்க... ஏன்? அது நான் எழுதுனதுதானே?... என்னோடதுதான்னு நீங்களே சொல்றீங்க, ஆனா திறக்க முடியாதுங்கறீங்க. என் வீட்டுச் சாமானை உள்ள வெச்சுப் பூட்டிட்டு, சாமான் உன்னோடதுதான்னா நான் என்ன பண்ணுவேன்...

இன்னிக்கு வேணும் சார். இன்னிக்கே. சாயங்காலம் கோர்ட் ஆபீஸ் மூடறதுக்குள்ள பதில் குடுக்கணும். குடுக்கலேன்னா ஜட்ஜ், கட்டடத்துச் சொந்தக்காரர் சொல்றத மட்டும் கேட்டுட்டு இவங்க காப்பிக்கடையக் காலி பண்ணச் சொல்லிருவார்... திரும்ப எழுதலாம் சார். என் பக்கத்த நான் மனசுல இருந்தே சொல்லிருவேன். சாட்சி சொன்னத எப்படி எழுதுவேன்? வாடகை பேசுனப்ப காயிதம் இல்ல, வாய்ப் பேச்சுதான். கூட உக்காந்திருந்தவர் பெரியவர் சயீத் யிமெர். அவர் வீட்டுக்கே போய், அவர் சொல்லச் சொல்ல அந்த மெஷின்லதான் அடிச்சேன். கையெழுத்து வாங்கறதுக்குள்ள படுத்துட்டார். போன மாசம் அடக்கமும் பண்ணியாச்சு...

ம்... ஆமா, ஒத்துக்கறேன்னு நான்தான் அமுக்குனேன். என்னத்த ஒத்துக்கிட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அந்த நிபந்தனையெல்லாம் படமாப் போட்டிருந்தீங்க, உங்க மெஷினாலயே படிக்க முடியல. ‘படம்’, ‘படம்’, ‘படம்’னுச்சு. பொத்தான் மட்டும் பேசுச்சு, அமுக்குனேன்... வக்கீல்தான் சார். வக்கீலே இப்படிப் பண்ணலாமான்னு நீங்க கேக்க வேணாம், நானே கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

...ஒண்ணு பண்ணுங்க. அத உங்க வாயால படிங்க. அந்தக் கெடு முடியற எடம் மட்டும்... ம்... ம்... திரும்ப... ‘எந்தக் காரணமும் சொல்லாமல், எந்த நேரத்திலும் கம்பெனி நிறுத்தலாம்.’ சரி. ‘நிறுத்தலாம்’னு இருக்கா, ‘நிறுத்தணும்’னு இருக்கா?... ‘லாம்.’ அப்ப காரணம் சொல்லாம நிறுத்த முடியற கம்பெனி, காரணம் சொல்லாம ஒரு நாள் விடவும் விடலாம்ல?... இல்ல சார், சட்டம் பேசல. சட்டம் பேசற தெம்பெல்லாம் போயிருச்சு. கேட்டுப் பாக்கறேன், அவ்வளவுதான்... உங்க பேரு என்ன?... நட்நாயேல். தம்பி நட்நாயேல், உங்களுக்கு மேல இருக்கறவர்கிட்ட ஹிதார் கதைய மட்டும் சொல்லுங்க. அவரும் இந்த ஊர்க்காரர்தானே... இருக்கேன். லைன்லயே இருக்கேன்.

...

இல்லக்கா, கேக்கப் போயிருக்கார்... பாட்டு போட்டுட்டுப் போயிருக்கார், கல்யாணப் பாட்டு... மெஷினுக்குக் களைப்பெல்லாம் வராதுக்கா. களைச்சுப்போச்சுன்னு நான்தான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். அது பூட்டிக்கிச்சு. பெரியவர் சொன்னது உள்ள மாட்டிக்கிச்சு... திட்டணும்னா அப்புறமாத் திட்டுங்க...

ஆ, சொல்லுங்க தம்பி... இன்னிக்கு ராத்திரி வரைக்கும்... படிக்க மட்டும். சரி. அச்சு எடுக்க?... வராதா. வேற எதுலயும் மாத்திக்கவும் முடியாதா... சரி தம்பி. போதும். அது படிக்கட்டும், இவங்க கையால எழுதட்டும். கையால எழுதுனதா இருந்தா கோர்ட்ல வாங்க மாட்டேன்னு சொல்ல முடியாது. நம்ம எழுத்துதானே வேணும்...

அக்கா, நீலம். நீலத்த அமுக்குங்க. நல்லாப் பாத்து... இல்ல, சாம்பல் கிட்டயே போகாதீங்க... அமுக்கிட்டீங்களா?

...

ஒண்ணும் வரல தம்பி... இல்ல, இருங்க. இருங்க.

பேசுது.

ஷ்ஷ்... ‘சயீத் யிமெர் ஆகிய நான்...’ அக்கா, பேனா எங்க? அழாதீங்க, அது அவர் கொரல் இல்ல, மெஷின் கொரல். சொன்னதுதான் அவர் சொன்னது. அழுதா எழுத்து கலைஞ்சிரும், அப்புறம் ஜட்ஜ் என்னன்னு படிப்பார்? ‘கடை வாடகை பேசிய அன்று...’ எழுதுங்க... எழுதுங்கக்கா...

தம்பி, வெச்சுடறேன்... இல்ல, நீங்க சொல்றத அப்புறம் கேட்டுக்கறேன். இத மெதுவாப் படிக்க வைக்க முடியல, இவங்க கை பின்னாடியே ஓடுது.