கழற்றி மாட்டும் பல்

மேலே பதிவான பெயரும் முகவரியும் என்னுடையவையே. வயது முப்பத்து நான்கு. பேருந்து நிலைய அறிவிப்பு அறையில் மைக்கில் வண்டி நேரம் சொல்வது என் வேலை. இறந்தவர் என் கணவர், மரக்கடையில் அறுப்பு வேலை பார்த்தவர்.

மூன்று மாதத்துக்கு முன்பு, சட்டைப் பொத்தான் தைக்க மறந்ததற்காக டம்ளரை என் முகத்தில் எறிந்தார். மேல்வரிசை முன்பல் வேரோடு வந்துவிட்டது. பல் டாக்டரிடம் மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னேன். அவர் என்னையும் பார்த்தார், என் கணவரையும் பார்த்தார். எலும்பு ஆறிய பிறகுதான் நிரந்தரப் பல் பொருத்த முடியும் என்று சொல்லி, அதுவரைக்கும் கழற்றி மாட்டும் பல் ஒன்று செய்து கொடுத்தார். அது இல்லாமல் மைக்கில் பேசினால் காற்றுதான் வரும், பேச்சு வராது.

அதன் பிறகு என்னை அடிக்கும் சிரமம்கூட என் கணவருக்குக் குறைந்துவிட்டது. கோபம் வந்தால், நான் குளிக்கும் நேரம் பார்த்து, கிண்ணத்துத் தண்ணீரில் கிடக்கும் பல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மரக்கடைக்குப் போய்விடுவார். நான் லீவு சொல்ல வேண்டும். இப்படி ஒன்பது நாள். "இன்னும் ஒரு நாள் வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்மா, அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் அந்த வீட்டை விட்டு வெளியேற எனக்கு வேறு வழி கிடையாது.

சம்பவ நாள் காலை ஏழு மணிக்குச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டே பல்லைக் கேட்டேன். "பல்லுதானே? இந்தா, பொறுக்கிக்கோ" என்று தரையில் போட்டுச் செருப்புக் காலால் மிதித்தார். நான் குனிந்து பொறுக்கினேன். அதன் பிறகு என் முடியைப் பிடித்து வாயைச் சுவரில் இரண்டு முறை மோதினார். மூன்றாவது முறை இழுத்தபோது இஸ்திரிப் பெட்டி என் கைக்கு வந்துவிட்டது. சூடாகத்தான் இருந்தது. ஒரே அடி என்று பொய் சொல்ல மாட்டேன். பல முறை அடித்தேன்.

அதன் பிறகு அவருக்கு மூச்சு இருப்பதைப் பார்த்து ஆம்புலன்சுக்கு நானேதான் போன் செய்தேன். "என்னம்மா சொல்றீங்க? ஒண்ணுமே புரியலையே, வேற யாரையாவது பேசச் சொல்லுங்க" என்று அங்கிருந்த பெண் திரும்பத் திரும்பக் கேட்டாள். தினமும் நூறு ஊர்ப் பெயர் சொல்கிற வாய் இது, என் தெருப் பெயரை மட்டும் அதற்குச் சொல்ல வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டி வந்து பேச வைப்பதற்குள் அவர் மூச்சு அடங்கிவிட்டது.

வாயில் தையல் இருப்பதால் பாதியை வாயாலும் பாதியைச் சீட்டில் எழுதியும் சொன்னேன். முழுவதையும் போலீசார் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் இல்லை, யாரும் மிரட்டியும் வாங்கவில்லை.

(கையொப்பம்)