வீராம்பட்டினத்துக்குப் போன மீன் குழம்பு

ஞாயிற்றுக்கிழமை மாலை, வீராம்பட்டினத்திலிருந்து டவுனுக்கு வரும் பஸ். எனக்கு முன் சீட்டில், மடியில் தூக்குச்சட்டியோடு ஒரு பெண். அரியாங்குப்பத்தில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவளுடைய தெருக்காரி போலிருக்கிறது.

“எங்கக்கா போயிட்டு வர்றீங்க?”

“வீராம்பட்டினத்துக்கு. மீன் கொழம்பு எடுத்துக்கினு போனேன்.”

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“மீன் பிடிக்கிற ஊருக்கேவா?”

“எங்க நாத்தனாரும் இப்படித்தான் சிரிச்சா. அங்கயே சுடச்சுட வறுவல் வாங்கித் தின்னலாம்னா. நேத்தே மாங்கா போட்டு வச்ச கொழம்பு, ஒரு ராத்திரி பூரா ஊறிக் கெடக்கு. அத விட்டுட்டு வருவனா?”

“அப்புறம்?”

“படகு நெழல்ல உக்காந்து மூடியத் தொறந்தேன். பக்கத்துல கூடை கழுவிக்கினு இருந்த மீன்காரம்மா எழுந்தே வந்துட்டாங்க. உள்ளங்கையில கொஞ்சம் ஊத்துனேன். நக்கிப் பாத்தாங்க. நாங்க தின்னது போக மிச்சத்த, அவங்க வீட்டுக்காரரு சாப்பிடட்டும்னு தூக்கோட வாங்கிக்கினு போயிட்டாங்க.”

“தூக்கு திரும்பி வந்துச்சா?”

“வெறும் பாத்திரமா குடுப்பாங்களா? இந்தா பாரு.”

மூடியைத் திறந்தாள். தூக்கு நிறைய இறால்.

“நாத்தனாரு என்ன சொன்னாங்க?”

அவள் தாடையால் முன் சீட்டைக் காட்டினாள். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“அண்ணி, அடுத்த வாரம் பெரிய தூக்கா எடுத்துக்கலாம்.”