லிதியானா கொண்டுவந்த வேர்

துவாலையை அன்னமாக மடிக்க எனக்கு நாற்பது நொடி போதும். புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் வாரம் மூன்று நிமிடம் பிடிக்கும். அன்னத்தின் கழுத்தும் தொங்கிப் போகும். நான் திட்டமாட்டேன். பிரித்துப் போட்டு மறுபடி மடிக்கச் சொல்வேன். இருபத்தேழு வருஷம் இப்படித்தான் ஆள் தயார் பண்ணினேன், சார்ஜென்ட். டீயைக் குடியுங்கள், ஆறுகிறது. நான் எதையும் மறைக்கப் போவதில்லை. வரிசையாகவே சொல்கிறேன்.

இந்தத் தீவில் எங்கள் ரிசார்ட்டுக்குக் குன்றின் மேல் இருபது பங்களா, கீழே கடலோரம் இருபத்திரண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று அறை. அறை சுத்தம் செய்ய மட்டும் ஒரு காலத்தில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். இந்த வருஷம் ஏழு பேர். மற்றவர்கள் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். பழம் பறிக்க, கோழி வெட்ட, முதியோர் இல்லத்தில் யாரோ பெற்ற தாய் தகப்பனைக் குளிப்பாட்ட. ஒருத்திக்கு நாளைக்கு எட்டு அறை என்றிருந்தது பதினெட்டாயிற்று. முட்டி வீங்கியவளும் வந்தாள், காய்ச்சல்காரியும் வந்தாள். நானும் இந்த வயதில் குனிந்து கழிவறை தேய்த்தேன்.

மேனேஜர் கிரெய்க் ஒருநாள், துவாலையும் விரிப்பும் அடுக்குகிற லினன் அறை வாசலில் வந்து நின்றார். "சரோஜினி, இப்படியே போனா ஏப்ரல்ல மேல்குன்றை மூடிடுவோம். அப்புறம் உனக்கு இங்க என்ன வேலை, சொல்லு?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், நல்ல மனுஷன். எனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பா என்கிற எங்கள் சொந்த ஊரில் அப்பாவின் கரும்புக் குத்தகை முடிந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. லினன் அறைக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்ன அறைதான் என் வீடு.

யார் போகப் போகிறார்கள் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அது உங்கள் தீவு ஜனங்களின் நல்ல பழக்கத்தால். நீங்கள் யாரும் சொல்லாமல் கிளம்புவதில்லையே. இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்து, சம்மணமிட்டு முன்னால் வைத்து, தலை குனிந்து, விடை கொடுங்கள் என்று கேட்பீர்கள். நானும் வேரைத் தொட்டு, உள்ளங்கையைக் குவித்து மூன்று தட்டுத் தட்டி ஏற்றுக்கொள்வேன். நான் இந்தியக் குடும்பத்துக்காரி என்றாலும் எனக்கு அந்த மரியாதையைக் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் பதினொரு பேர் என் முன்னால் வேர் வைத்தார்கள். நாண்டி நகரத்தில் எந்தத் தேதிக்கு மருத்துவப் பரிசோதனை என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். அதில் தேறாவிட்டால் விசா கிடையாது. இதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் யோசித்தேன்.

முதலில் செரா. பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னால், குன்றின் படிக்கட்டில் அவள் இறங்குகிற நேரம் பார்த்து சோப்புத் திரவம் ஊற்றி வைத்தேன். கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆறு மாசத்தில் நொண்டிக்கொண்டே வேலைக்குத் திரும்பினாள். இப்போது உட்கார்ந்தபடி துணி மடிக்கிறாள், சுத்தமாக மடிக்கிறாள்.

பிறகு அபிசாய். மலை மாதிரி ஆள், சலவை அறையில் அவன் ஒருத்தன் மூன்று பேருக்குச் சமம். வேரை வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

"கோவிச்சுக்காதீங்க ஆன்ட்டி. அங்க ஞாயித்துக்கிழமை லீவாம். எனக்கு லீவுன்னா என்னன்னே மறந்து போச்சு."

"அதை ஞாபகப்படுத்திக்க கடல் தாண்டிப் போகணுமாடா?"

"நீங்க இங்கயே ஞாபகப்படுத்துங்க, இருந்துடறேன்."

"போடா, வாயைப் பாரு," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அவனை மிகவும் பிடிக்கும்.

படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போடுகிற பெரிய உருளை இயந்திரம் எங்களிடம் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்து துணியை உள்ளே விட வேண்டும். ஆள் இல்லாததால் அவன் தனியாக விடுவான். அன்று நான் உதவிக்குப் போனேன். கை அருகில் வந்தால் உருளையை நிறுத்துகிற கம்பி ஒன்று உண்டு, அதன் ஒயரைக் காலையிலேயே கழற்றியிருந்தேன். சுருக்கம் எடுக்கிற மாதிரி விரிப்பின் ஓரத்தை அவன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, கையை உள்ளே தள்ளினேன். கொதிக்கிற உருளை. முழங்கை வரை போயிற்று. வெள்ளை விரிப்பு மறுபக்கம் சிவப்பாகவும் பழுப்பாகவும் வெளியே வந்தது. ஐஸ் எடுத்துக்கொண்டு முதலில் ஓடியதும் நான்தான். நாற்றம் ஒரு வாரம் போகவில்லை. கையைத் தோளுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது படகுத்துறையில் நின்று விருந்தாளிகளுக்குக் கையசைத்து 'புலா' என்று வணக்கம் சொல்கிறான். அதற்கு ஒரு கை போதும். தள்ளியது நான் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. துணி இழுத்துவிட்டது என்றே நினைக்கிறான். வேலையை விட்டு நிறுத்தாமல் வைத்துக்கொண்டதற்கு போன கிறிஸ்துமஸுக்கும் எனக்கு நன்றி சொன்னான்.

தொழிலாளர் துறையிலிருந்து ஒருவர் வந்தார். அதிக வேலை, அசதி, கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். ஆள் பற்றாத இடத்தில் கை போனால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அவர் எழுதியதில் பொய்யும் இல்லை.

இப்போது லிதியானா. இருபத்தாறு வயது, இரண்டு குழந்தைகள். பக்கத்துத் தீவிலிருந்து விடியற்காலைப் படகில் வருவாள். பதினெட்டு அறை முடித்துவிட்டு, "வேற ஏதாவது இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்கிற ஒரே பெண். அவளும் ரகசியமாக ஆஸ்திரேலியாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள் என்று செரா சொன்னாள். நான் நம்பவில்லை. மறுநாள் திங்கட்கிழமை காலை, செய்தித்தாளில் சுற்றிய வேர்க்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, உங்ககிட்ட தனியா பேசணும். அஞ்சு நிமிஷம்."

பெற்ற மகள் மாதிரி பார்த்தேனே, இவளுமா என்று இருந்தது.

"ரூம் எல்லாம் காலியாகட்டும். பத்து மணிக்குக் குன்றுக்குக் கீழ, துணி வண்டித் தண்டவாளத்துக்கிட்ட இரு. அழுக்குத் துணிய இறக்கி எடு, அப்புறம் பேசலாம்," என்றேன்.

குன்றின் மேலிருந்து துணி இறக்க ஒரு தண்டவாள வண்டி உண்டு. மேலே பிரேக், கீழே லிதியானா. ஈரத் துவாலையாக அடைத்தேன், ஐந்து ஆள் கனம் இருக்கும். அவள் தண்டவாளத்துக்கு நடுவில் குனிந்து, முதல் நடையில் சிதறிய துணியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பிரேக்கை விட்டேன். முட்டி மட்டும் போனால் போதும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

படியிறங்கிப் போனபோது அவள் உயிரோடு இருந்தாள். வண்டிக்கும் சுவருக்கும் நடுவே இடுப்பு தட்டையாகியிருந்தது. மேலே பிரேக் பக்கத்தில் நான் நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். அது அவள் கண்ணில் தெரிந்தது.

"ஆன்ட்டி, நான் வந்து..." என்று ஆரம்பித்தாள். பதினொரு பேரிடம் அதே பேச்சைக் கேட்டிருக்கிறேன், பன்னிரண்டாவது முறை கேட்கப் பொறுமை இல்லை. அவள் பிழைத்து வாயைத் திறந்தால் மிச்சம் ஆறு பேரும் அன்றைக்கே படகு ஏறிவிடுவார்கள், அப்புறம் நாற்பத்திரண்டு பங்களாவை யார் பார்ப்பது? வண்டியின் மோட்டார் கெட்டால் சுற்றுகிற இரும்புக் கைப்பிடி என்னிடம் இருந்தது. மேலேயிருந்து அதை ஏன் எடுத்துவந்தாய் என்று நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். கையில் இருந்தது, அவ்வளவுதான். நெற்றிப்பொட்டில் அடித்தேன். மண்டையோடு உள்வாங்கியது, ஆனாலும் கண் திறந்தே இருந்தது. மறுபடி அடித்தேன். பிறகு கைப்பிடியைத் துவாலையில் துடைத்து, அந்தத் துவாலையை மற்ற துவாலைகளோடு ஊறப் போட்டேன். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் கறை நின்றுவிடும்.

வேர்க்கட்டு சுவரோரம் இருந்தது. அவ்வளவு நல்ல வேரைத் தரையில் போட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

பிரேக் நழுவிய விபத்து என்றே எல்லோரும் நம்பினார்கள். நான்காம் நாள் பக்கத்துத் தீவில் அவள் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனோம். வெறுங்கையோடு போகக்கூடாது, வேர் வைக்க வேண்டும். சந்தைக்குப் போய் வாங்கிவர என்னிடம் ஆள் இல்லை. ஒருத்தியை அனுப்பினால் அன்றைக்குப் பதினெட்டு அறை அப்படியே கிடக்கும். அதனால் அந்த வேரையே எடுத்தேன். ரத்தம் தெறித்த செய்தித்தாளை எரித்துவிட்டு, புதுத் தாளில் சுற்றினேன். உள்கட்டைப் பிரிக்கவில்லை, பிரித்தால் வேர் உதிர்ந்துவிடும்.

பாயில் உட்கார்ந்து முன்னால் வைத்தேன். லிதியானாவின் மாமா வேரைத் தொட்டு ஏற்றுக்கொண்டார், எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தாளைப் பிரித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அவள் அம்மா மகெரேதா முழங்காலிலேயே நகர்ந்து வந்தாள். வேரைச் சுற்றியிருந்த பச்சை வலைநூலைத் தடவிப் பார்த்தாள்.

"இது என் கட்டு. எடக்கை முடிச்சு. நான்தான் எம் பொண்ணுக்குக் கட்டிக் குடுத்தேன். அவகூட இருந்த சாமான் எல்லாம் வந்துச்சு, இது மட்டும் வரலை. இது எப்படி உங்க கையில?"

நான் பதறவில்லை. "அன்னிக்குக் காலையிலயே எங்கிட்ட வச்சுட்டாம்மா. ஆஸ்திரேலியா போறேன்னு விடை கேட்டா. நானும் சந்தோஷமா குடுத்தேன்," என்றேன்.

மகெரேதா என் முகத்தையே பார்த்தாள்.

"விடையா? அவ எங்க போறா? சனிக்கிழமையே ஆஸ்திரேலியாப் பட்டியல்ல இருந்து பேரை அடிக்கச் சொல்லிட்டாளே. உங்களுக்குத் தெரியாம எழுதிப் போட்டது தப்புன்னு, மன்னிப்புக் கேக்கத்தாங்க இந்த வேர். 'ஆன்ட்டிய இப்படித் தனியா விட்டுட்டுப் போக முடியலம்மா'ன்னு அழுதா."

யாரும் கை தட்டவில்லை. அபிசாய் வாசலில் நின்றிருந்தான். அவன்தான் உங்களுக்குப் போன் பண்ணினான், இருக்கிற ஒரு கையால்.

ஆமாம், செராவின் காலை உடைத்தது நான், அபிசாயின் கையை உள்ளே தள்ளியது நான், லிதியானாவைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வருத்தமாக இல்லையா என்று கேட்டீர்கள். எப்படி இல்லாமல் இருக்கும்? வேரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து மணி வரை காத்திருக்காமல், போகவில்லை ஆன்ட்டி என்று காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு தப்பு அவள் பண்ணிவிட்டாள். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை, எப்போதோ மன்னித்துவிட்டேன். சனிக்கிழமை முப்பத்தொரு அறை காலியாகிறது, சார்ஜென்ட். லிதியானா மாதிரி ஒரு ஆளுக்கு இனி நான் எங்கே போவேன்?