அடுப்படியில் பேசிய சித்தப்பா

அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும் அத்தான், இதில் உட்காருங்கள். அண்ணனின் கணினியை எடுத்துப்போக அக்கா உங்களைத்தான் அனுப்புவாள் என்று தெரியும். அதனால் ஒயர்களைச் சுருட்டி, எது எங்கே செருகவேண்டும் என்று தொட்டாலே தெரியும்படி ஒவ்வொன்றிலும் நூல் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். கண் தெரியாதவனுக்குச் செய்கிற வேலையை ஏனோதானோவென்று செய்யக்கூடாது.

அக்கா உங்களிடம் ஏதோ சொல்லியிருப்பாள். அவள் எந்தக் கதையையும் பாதியிலிருந்துதான் தொடங்குவாள். நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

கணினி ரிப்பேர் கடையில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். புது அப்டேட் வந்த மறுநாள் எங்கள் கடை கல்யாண வீடுதான். ஒருவருக்குப் பிரிண்டர் ஓடாது, ஒருவருக்குத் திரை கருப்பாகிவிடும். இன்னொருவர் போன வருடமே கெட்டுப்போனதையும் அப்டேட் தலையில் கட்டப் பார்ப்பார். கம்பெனிக்காரர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் 'தெரிந்த பிரச்சினைகள்' என்று வெளியிடுவார்கள். கோளாறு இது, சரிசெய்யும் வழி இது; அல்லது, வழி இன்னும் கிடைக்கவில்லை, பொறுத்திருங்கள். இந்த இரண்டாவது பதிலைச் சொன்னால் எப்பேர்ப்பட்ட கோபக்காரரும் அடங்கிப்போவார். தன் கோளாறு கம்பெனிக்கே தெரிந்த கோளாறு என்றால் மனிதனுக்கு ஒரு நிம்மதி.

அண்ணனின் கணினி பேசும். திரையில் இருப்பதை ஒரு குரல் படித்துச் சொல்லும். மூச்சு விடாமல், எதிரில் இருப்பவர் கேட்கிறாரா என்றுகூடப் பார்க்காமல் பேசுவதால் அண்ணன் அதற்குச் 'சித்தப்பா' என்று பெயர் வைத்தான். எங்கள் சித்தப்பாவிடம் உங்கள் கல்யாணத்தில் நீங்களே மாட்டிக்கொண்டீர்களே, பெயர்ப் பொருத்தம் புரியும்.

அந்தக் குரல் வருவதற்கு முன்னால் அவனுக்குப் படித்தவன் நான். பாடப்புத்தகம், பேருந்தின் பலகை, மருந்துச் சீட்டு எல்லாம் என் வாய் வழியாகத்தான் அவனுக்குப் போகும். பிறகு சித்தப்பா வந்தார். அண்ணன் வேகத்தைக் கூட்டிக் கூட்டி வைப்பான். எனக்கு அது வெறும் இரைச்சல், அவனுக்கு அத்தனையும் சொற்கள். நான் ஒரு பக்கம் முடிப்பதற்குள் அவர் பத்துப் பக்கம் முடித்துவிடுவார். "நீ போய்ப் படுடா, நான் பாத்துக்கறேன்" என்பான். அன்பாகத்தான் சொல்வான். எனக்கு வலித்தது அத்தான், அதை மறைக்கவில்லை.

இப்போது வேலை விஷயத்துக்கு வருகிறேன். கண் தெரியாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அண்ணனுக்கு ஆசிரியர் வேலை, வேறு ஊர், தங்க அறையும் உண்டு. நேர்காணலுக்கு நான்தான் கூட்டிப்போனேன். முடிவு மெயிலில் வரும் என்றார்கள். அவன் அதற்குள் புதுச் சட்டைகள்கூட எடுத்துவிட்டான், எல்லாம் ஒரே நிறம். "மாத்திப் போட்டுட்டேன்னு யாரும் சிரிக்க முடியாது பாரு" என்றான். அங்கே சட்டையில் கறை இருந்தால் யார் பார்த்துச் சொல்வார்கள் என்று கேட்டேன். "கறை என் கண்ணுக்கா தெரியப்போகுது?" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

அந்த வாரம்தான் அப்டேட் வந்தது. காலையில் அண்ணன் கணினியைப் போட்டான், சித்தப்பா வாயே திறக்கவில்லை. நான் அப்போது அடுப்படியில் இருந்தேன். அங்கே பாட்டுக் கேட்க ஒயர் இல்லாத சின்ன ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது, எப்போதோ அண்ணனின் கணினியோடு இணைத்தது. அதற்குள்ளிருந்து மெல்லிய முணுமுணுப்பு கேட்டது. அறையில் வரவேண்டிய குரல் அங்கே வந்து பேசிக்கொண்டிருந்தது. கடைக்குப் போய்ப் பார்த்தால், தெரிந்த பிரச்சினைகளில் அதுவும் ஒன்று. கீழேயே வழியும் போட்டிருந்தார்கள். சத்தம் எதில் வரவேண்டும் என்பதை மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட ஆகாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "கம்பெனிக்காரனே ஒத்துக்கிட்டாண்ணா. தெரிஞ்ச பிரச்சினைதான், ஆனா இன்னும் வழி கிடைக்கலயாம். அடுத்த அப்டேட்ல வருமாம்" என்றேன். பிறகு அடுப்படிக்குப் போய் ஸ்பீக்கரின் திருகைத் திருப்பிச் சத்தத்தை அடியோடு குறைத்தேன். அணைக்கவில்லை. அணைத்தால் கணினி அதைத் தேடிப் பார்த்துவிட்டு, குரலை அறைக்கே அனுப்பிவிடும். அதனால் எப்போதும் சார்ஜில் போட்டே வைத்திருந்தேன். கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

"மெயில் ஏதாச்சும் வந்திருக்கான்னு பாரேன்" என்றான் அண்ணன். அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு. அந்த ஆடுகிற நாற்காலிதான்.

பள்ளியிலிருந்து வந்திருந்தது. அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், சம்மதம் எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்று படித்தேன். வேலை இல்லை என்று படித்திருந்தால் அவன் மனம் உடைந்திருக்கும், அதைச் செய்யவில்லை. அடுத்து, ஏன் பதிலில்லை என்று தலைமையாசிரியை எழுதினார். அதையும் பரிசீலனையிலேயே வைத்தேன். ஒருமுறை போனும் வந்தது. விண்ணப்பத்தில் என் நம்பர்தான் இருந்தது, வெளியே போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். "நாமளே ஒரு போன் போட்டுக் கேட்டா என்னடா?" என்றான் அண்ணன். "அவசரப்பட்டா கெட்டுப்போயிடும்ணா, பொறு" என்றேன். ஆனால் ஒன்று, அவன் பெயரில் நான் ஒரு வரிகூடப் பதில் எழுதியதில்லை. படிப்பது வேறு, எழுதுவது வேறு. எனக்கும் நியாயம் அநியாயம் தெரியும்.

தினமும் காலையில் அவன் கணினியைப் போட்டுவிட்டு, விசையில் விரலை வைத்து, தலையைச் சாய்த்துக் காத்திருப்பான். அந்த நேரம் அடுப்படியில் ஸ்பீக்கரின் சின்ன விளக்கு மினுங்கும். "இன்னிக்கும் இல்லடா" என்பான். "வந்துரும்ணா" என்பேன். நாளாக நாளாக முகம் சவரம் செய்வதைக்கூட விட்டுவிட்டான். வெளியே போவதில்லை, சாப்பாடு பாதி அப்படியே இருக்கும். ஆனால் நான் படித்தால் கேட்பான். செய்தி, கதை, மருந்துப் பெட்டியின் பின்புறம் எதுவானாலும் கேட்பான். உண்மையைச் சொன்னால், நாங்கள் இருவரும் அவ்வளவு ஒட்டுதலாக இருந்த நாட்கள் அவைதான்.

பிறகு அக்கா வந்தாள். சமைத்துக்கொண்டே பாட்டுக் கேட்க ஸ்பீக்கரின் திருகைத் திருப்பியிருக்கிறாள். பாட்டு வருவதற்குள் நான் இங்கே அண்ணனுக்காகப் புது மெயிலைத் திறந்துவிட்டேன். 'தங்கள் விண்ணப்பம் இன்னும்' என்று நான் தொடங்கியபோது, அடுப்படியில் சித்தப்பா தமது வேகத்தில் படித்தார். எங்கள் கடிதங்கள் எதற்கும் பதில் வராததால், மிகுந்த வருத்தத்துடன், உங்களுக்காகக் காத்திருந்த பணியிடத்தை வேறொருவருக்கு அளித்துவிட்டோம்.

"என்னடா இது, உங்க சித்தப்பா அடுப்படியில வந்து பேசறாரு?" என்று அக்கா சிரித்தாள். அவளுக்கு அந்த வேகத்தில் ஒரு சொல்லும் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்தது. என் பக்கம் திரும்பி, "ஏண்டா நிறுத்திட்ட? படி" என்றான். நான் கடைசிவரை படித்தேன் அத்தான். பரிசீலனையில் உள்ளது, விரைவில் தெரிவிப்போம், இப்படிக்கு. குரல்கூட நடுங்கவில்லை.

"சித்தப்பா அங்க பேசறது உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?" என்றான் அண்ணன்.

"மொத நாள்லேர்ந்தே."

"சரி பண்ணிடு."

பண்ணினேன். சித்தப்பா அறைக்குள் வந்தார். பள்ளி எழுதிய எல்லாவற்றையும் அண்ணன் முதலிலிருந்து கேட்டான். நான் எழுந்திருக்கப் பார்த்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தான். அடித்திருந்தால்கூடத் தேவலை. அப்புறம் அக்காவோடு உங்கள் வீட்டுக்குக் கிளம்ப, புதுச் சட்டையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, கறை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். "ஒண்ணும் இல்லண்ணா" என்றேன். அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, "அக்கா, நீ பாத்துச் சொல்லு" என்றான். எனக்கு அழுகை வந்தது அங்கேதான்.

ஆகவே, ஆமாம். குரலை நிறுத்தி வைத்தது நான். வேலையைக் கெடுத்ததும் நான். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன், இனி அப்படி நடக்காது. அண்ணனிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

கணினியைத் துடைத்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் அவன் சிரமப்படக்கூடாது என்று இன்று காலை புது அப்டேட்டும் போட்டுவிட்டேன். இதிலும் தெரிந்த பிரச்சினை ஒன்று இருக்கிறது, சில நாளில் குரல் நின்றுபோகலாம். வழியும் இருக்கிறது. உங்களுக்குச் சொல்லித் தரலாம்தான், ஆனால் இதெல்லாம் உங்களுக்குத் தலைவலி, வேண்டாம். சித்தப்பா பேச்சை நிறுத்தினால் பதறாமல் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். அது சரியாகும்வரை பக்கத்தில் உட்கார்ந்து படிக்க நான் இருக்கிறேன்.