மூணு டிரம்முக்கு மருந்து

உள்ள வா செவ்வந்தி, வாசல்லயே நின்னா எப்படி? செருப்பக் கழட்டிட்டு மெதுவா வா, சஃபா இப்பத்தான் கண்ணசந்தா. ஆமா, உன் மேல முனிசிபாலிட்டி ஆபீஸ்ல எழுதிக் குடுத்தது நாந்தான். ஆஸ்பத்திரியில உக்காந்து ஒரு பக்கம், இங்கிலீஷ்ல. டிரம்ம எட்டிக்கூடப் பாக்காம கார்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போறா, எம் புள்ளைக்கு டெங்கு வந்துருச்சுன்னு. கான்வென்ட் சிஸ்டர்மாரு பெரம்பால அடிச்சுக் கத்துக் குடுத்த எழுத்து, சும்மா இருக்குமா? மெமோ வந்துருச்சாக்கும்.

உக்காரு புள்ள. கொசு மருந்து அப்புறம் ஊத்தலாம். இல்ல, திட்டக் கூப்பிடல.

காய்ச்சலா? அது விட்டு நாலு நாளாச்சு. விட்ட அன்னிக்குத்தான் நெசமான பயமே. அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லி நான் வாய மூடல, உம்மா வயித்த வலிக்குதுன்னு சுருண்டுட்டா. தொட்டுப் பாத்தா கையி காலெல்லாம் ஐஸு. நர்ஸு ஓடுறா, டாக்டரு ஓடுறாரு, நானும் பின்னாலயே ஓடுறேன். பிளேட்லெட் முப்பதாயிரம். அவ வாப்பா கத்தார்லேருந்து வீடியோ கால்ல அழுவுறாரு. நீங்க அங்கன அழுதா இங்கன பிளேட்லெட் ஏறுமா, போன வைங்கன்னேன். வேறென்ன சொல்ல?

இப்ப எம்பதாயிரம். நேத்துச் சாயந்தரந்தான் வீட்டுக்கு அனுப்புனாக. ஆனா எனக்கு நம்பிக்க வரல. அர மணிக்கு ஒருக்கா டார்ச் அடிச்சு ஈறப் பாக்குறேன், ரத்தம் கசியுதான்னு. ஒண்ணுக்குப் போனாளான்னு கேக்குறேன். தூங்குனா மூச்சு வருதான்னு மூக்குல வெரல வைக்கிறேன். கொசு மாதிரி காதுகிட்டயே நிக்கிறீகளே உம்மான்னு சிரிக்கிறா, கழுத. எனக்குச் சிரிப்பு வரணுமே.

இன்னொண்ணும் சொன்னாரு டாக்டரு. இன்னொரு வாட்டி டெங்கு வந்தா இதவிட மோசமாப் போகலாமாம். அதத்தான் நெனச்சுக்கிட்டே இருக்கேன்.

நானும் எல்லாரையும் வஞ்சு தீத்துட்டேன். பள்ளிக்கூடத்த வஞ்சேன். பக்கத்து வீட்டு ஹமீது சுல்தானக் கூப்பிட்டு, கொல்லையில இளநிக் கூடு கெடக்கே, நீங்கள்லாம் புள்ள பெத்தவுகளான்னு கேட்டேன். மனுசன் மறுநாள் காலையிலயே அள்ளிக் கொட்டிட்டாரு. அப்புறம் நீயி.

அடுப்படியில ரெண்டு டிரம்மு, கொல்லையில ஒண்ணு. ஆமா, மூணுலயும் நீ மருந்து ஊத்துன. நாந்தான் கூடவே நின்னு பாத்தேனே. பாக்காமப் போனான்னு எழுதுனது பொய்யி.

அவசரப்படாத, சொல்றேன்.

ஒனக்குத் தெரியாதா, இந்த ஊருல நல்ல தண்ணிக்கு நாம படுற பாடு. போர்த் தண்ணி உப்புக் கரிக்கும். லாரி என்னைக்கு வரும்னு அந்த லாரிக்கே தெரியாது. உன் மருந்து விழுந்தா வாடையடிக்குதுன்னு சஃபா ஒரு வாய் குடிக்க மாட்டா. அப்படியே துப்பிருவா. புள்ள குடிக்க மட்டுமாவது நல்ல தண்ணி இருக்கட்டுமேன்னு…

காலையில கஞ்சி வைக்கப் போனேன். பத்து நாளாச்சே, அந்தத் தண்ணி எப்படி இருக்குன்னு டார்ச் அடிச்சேன். உள்ள நெளியுறதப் பாத்ததும் அப்படியே மூடிட்டு வந்துட்டேன். எறநூறு லிட்டரு, ஒத்தையில சாய்க்க முடியல. யாரக் கூப்பிடுவேன், என்னன்னு சொல்லுவேன்? உன்னத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்.

அவ கட்டில் தலமாட்டுல நீலச் சேல தொங்குது பாரு. அத மெதுவா வெலக்கு, முழிச்சுறப் போறா. கார்டுல மூணுன்னு எழுதிருக்க, நான் சொன்னதத்தான எழுதுன. அத அடிச்சுட்டு நாலுன்னு போடு.

இந்தா டார்ச்சு. நீயே அடி. நான் ஒருக்காப் பாத்துட்டேன்.