நூலகச் சுவரில் பத்து வசனங்கள்

என் தங்கை பாலாம்பிகை இடது கையால்தான் எழுதுவாள், ஐயா. ஆனாலும் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஐம்பத்திரண்டு வயதில் ஆங்கிலம் பழகத் தொடங்கியவள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளரை நான் வேண்டாம் என்றது உங்களை அவமதிக்க அல்ல. அவர் எங்கள் ஊர்க்காரராக இருக்கக்கூடும்.

விதவையான அவளை எண்பத்தாறாம் ஆண்டில் லண்டனுக்குக் கூட்டிவந்தவன் நான். வகுப்புக்கு அனுப்பியவனும் நான்தான். யாழ்ப்பாணத்தில் நீதிமன்றத் தலைமை எழுதுவினைஞராக இருந்தவனின் தங்கை, டாக்டரின் கடிதத்தை அடுத்த வீட்டுக்காரியிடம் கொண்டுபோய் வாசிக்கக் கேட்பது அழகில்லை. மனோர் பார்க்கில் எங்கள் வீட்டிலிருந்து நூலகம் ஏழு நிமிட நடை. செவ்வாயும் வியாழனும் காலையில் போய், பன்னிரண்டரைக்கு முன் திரும்பிவிட வேண்டும்.

சமையலறை மேசையில் இருந்து பயிற்சி செய்வாள். வசனத்தைப் பெரிய எழுத்தில் தொடங்குவது, முற்றுப்புள்ளி வைப்பது, கேள்விக்குறி போடுவது. கொப்பியை நான் பார்த்த பிறகே கொண்டுபோகலாம். மழையைப் பற்றி எழுதலாம், பஸ்ஸைப் பற்றி எழுதலாம், பூனையைப் பற்றி எழுதலாம். வீட்டைப் பற்றி எழுதக்கூடாது. ஒன்பது மாதம் அவள் அதை மீறவில்லை. பூனையைப் பற்றியே ஒரு கொப்பி நிறைய எழுதினாள். எங்களிடம் பூனை கிடையாது.

நேற்று வெள்ளிக்கிழமை, முருகன் கோயிலில் பூசை முடிந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். குகதாசன் என்ற ஊர்க்காரர், நாலு பேருக்கு முன்னால் சொன்னார்:

"அண்ணை, தங்கச்சியின்ர இங்கிலிசு நல்லா முன்னேறியிருக்கு. லைப்ரரிச் சுவரில ஒட்டியிருக்கினம். வீட்டிலயும் நல்லாப் பயிற்சி குடுக்கிறியள் போல."

ஒருவர் சிரிப்பை மறைக்க இருமினார்.

நேரே நூலகத்துக்குப் போனேன். மாணவர்கள் எழுதியவற்றை ஒரு பலகையில் குத்தியிருந்தார்கள். அவளுடையது மூன்றாவது. வகுப்பிலேயே இருந்து எழுதிய பத்து வசனங்கள், கீழே முழுப் பெயர். இப்படித் தொடங்கியிருந்தாள்: என் அண்ணன் கதவை வெளியால் பூட்டிக்கொண்டு போனார். நான் யன்னலால் அடுத்த வீட்டுப் பெண்ணோடு பேசினேன். அண்ணன் என் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார். ஆஸ்பத்திரியில், நான் படியில் விழுந்ததாகச் சொன்னேன். இப்படியே போனது. ஒரு காற்புள்ளிகூடப் பிழையில்லை. தாளைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் என் வேட்டியை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏன் இதை எழுதினனீ?"

"நடந்ததை எழுதச் சொல்லி டீச்சர் சொன்னவ."

"பொய்யா ஏதும் எழுதியிருக்கலாமே."

"ஒன்பது மாசமா இல்லாத பூனையைத்தானே மேய்ச்சனான், அண்ணை." சிரித்தாள். என் முன்னால் அவள் சிரித்துப் பல வருடங்கள். "வாற செவ்வாய் இன்னும் பத்து எழுதவேணும். ரமாவைப் பற்றி எழுதப்போறன்."

ரமா அவளுடைய ஒரே மகள். எண்பத்துமூன்றில், பத்தொன்பது வயதில், கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னோம். அவள் விரும்பிய பையன் எங்கள் ஆட்கள் இல்லை. அந்தக் கிணற்றுக்கட்டு நெஞ்சளவு உயரம். அதில் யாரும் தவறி விழமுடியாது, தூக்கித்தான் போடவேண்டும். என் கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுக்கவேண்டியிருந்தது. பாலாம்பிகை சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். எட்டு வருடம் ஒருவரிடமும் வாய் திறக்காதவள்.

அயன் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கினேன். முதல் அடியிலேயே விழுந்துவிட்டாள். வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அதனால் மேலும் மூன்று. பிறகு சுவிச்சை அணைத்தேன், வேட்டியை மடித்து வைத்தேன், உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு டெலிபோன் எடுத்தேன்.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்திடுகிறேன், ஐயா. ஒன்றை மட்டும் கேட்கிறேன். அந்தத் தாளை நீதிமன்றத்தில் வாசிக்க வேண்டாம். வீட்டில் நடப்பதை வெளியாட்களிடம் சொல்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.